காலாவதியானது காசோலைதான், சம்பளம் அல்ல

தீபாவளிக்கு அலமாரியை ஒதுக்கும்போது பழைய சம்பளச் சீட்டுகளுக்கு நடுவே ஒரு காசோலை கிடைக்கும். எப்போதோ விட்டுவந்த வேலையின் கடைசி மாதச் சம்பளம் அது. வங்கியில் போடாமலே கிடந்திருக்கும். வீடு மாறியதால் தாமதமாகக் கைக்கு வந்திருக்கலாம், முதலாளியோடு மனக்கசப்பு இருந்திருக்கலாம். தேதியைப் பார்த்துவிட்டு, “இனி செல்லாது” என்று கிழித்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

தயவுசெய்து கிழிக்காதீர்கள்.

வானொலியில் நான் நடத்தும் காலை நிகழ்ச்சியில் ஒருநாள் சம்பளத்தைப் பற்றிப் பேசினோம். பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா அழைத்தார். பதினோரு ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கடைசிச் சம்பளம் 1,180 ரிங்கிட்டுக்குக் காசோலையாக வந்திருக்கிறது. “கோபத்துல போடாம வெச்சேன் தம்பி, அப்புறம் மறந்தே போச்சு. மூணு வருஷமாச்சு. இப்பப் போய்க் கேட்டா கேவலமா இருக்காதா?” என்றார்.

பலருக்கும் இருக்கும் தயக்கம்தான் இது. அந்த அக்காவுக்காக விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆறு மாதத்திற்குப் பிறகு

மலேசியாவில் காசோலைக்கு அதில் எழுதிய தேதியிலிருந்து 6 மாதம்தான் ஆயுள். அதற்குப் பிறகு போட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். தேதியை நீங்களே திருத்தி எழுதினால் சிக்கல் இன்னும் பெரிதாகும்.

ஆனால், காசோலை என்பது பணம் கொடுக்கும் ஒரு வழி மட்டுமே. அந்தத் தாள் செத்தாலும், நீங்கள் உழைத்த மாதத்திற்கு நிறுவனம் தர வேண்டிய கடன் சாகாது. கணக்கை ஒழுங்காகப் பார்க்கும் நிறுவனமாக இருந்தால், “இந்தக் காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை” என்று அதன் கணக்குப் பிரிவுக்கே தெரிந்திருக்கும்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும். ஊழியர்களின் சம்பளப் பதிவேடுகளை முதலாளி குறைந்தது 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே, “பழைய கணக்கெல்லாம் இல்லை” என்று எளிதில் கைவிரிக்க முடியாது.

முதலில் ஒரு கடிதம்

காசோலையின் முன்புறம், பின்புறம் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். அந்த மாதத்துச் சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், அந்த ஆண்டின் இஏ பாரம், இபிஎப் அறிக்கை ஆகியவற்றைத் தேடி எடுங்கள். அந்த மாதத்திற்கு இபிஎப் சந்தா கட்டப்பட்டிருந்தால், நீங்கள் அப்போது வேலையில் இருந்ததற்கு அது நல்ல சான்று.

பிறகு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். பெயர், அடையாளக் கார்டு எண், வேலை செய்த காலம், காசோலை எண், தேதி, தொகை இவை போதும். பழைய காசோலையை ரத்து செய்து, தொகையை வங்கிக் கணக்கில் போடும்படி கேளுங்கள். பதில் தர இரண்டு வாரத் தவணை கொடுங்கள். அசல் காசோலையைத் திருப்பிக் கேட்டால், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே கொடுங்கள். “எல்லாப் பாக்கியும் தீர்ந்தது” என்று ஏதாவது கடிதத்தை நீட்டினால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பட்டர்வொர்த் அக்கா இப்படித்தான் எழுதினார். ஐந்தாவது வாரம் பணம் கணக்கில் ஏறியது. யாரும் அவரைக் கேவலமாகப் பார்க்கவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர், “முன்னமே கேட்டிருக்கலாமே” என்று மட்டும் சொன்னாராம்.

பதில் வராவிட்டால்

சம்பளப் பாக்கி குறித்துத் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் காலக்கெடு உண்டு. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய கோரிக்கைக்குப் பொதுவாக 6 ஆண்டுகள். சபா, சரவாக்கில் சட்டம் வேறு. ஐந்தாவது ஆண்டில் இருப்பவர் அடுத்த தீபாவளி வரை காத்திருக்கக் கூடாது.

நிறுவனமே மூடிவிட்டதா? மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் அதன் நிலையைத் தேடிப் பார்க்கலாம். நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டிருந்தால், கலைப்பு அதிகாரியிடம் கடன் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். அடைமானம் இல்லாத சாதாரணக் கடன்காரர்களைவிட ஊழியர் சம்பளத்திற்குச் சட்டம் முன்னுரிமை தருகிறது. முழுத் தொகையும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பதிவு செய்யாதவருக்கோ ஒன்றும் கிடைக்காது.

அரசாங்கத்திடம் இருக்கலாம்

பலருக்குத் தெரியாத இன்னொரு கதவும் உண்டு. 1965ஆம் ஆண்டு கோரப்படாத பணச் சட்டப்படி, உரியவர் வாங்காமல் விட்ட சம்பளம், போனஸ், கமிஷன் போன்றவற்றை நிறுவனம் தானே வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் குறிக்கும் காலம் கடந்ததும், அதை ஜபாத்தான் அக்கவுந்தான் நெகாராவிடம் ஒப்படைக்க வேண்டும். நீண்ட காலம் பயன்படுத்தாத வங்கிக் கணக்குகளில் உள்ள பணமும் அங்கேதான் போகிறது.

உங்கள் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று அந்த இலாகாவின் ‘இகுமிஸ்’ இணையத்தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு தேடலாம். கட்டணம் இல்லை. இணையம் பழக்கமில்லாத பெரியவர்கள் இலாகாவின் அலுவலகத்திற்கு நேரில் போகலாம். “உங்கள் பெயரில் பணம் இருக்கிறது, எடுத்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். தேடவும் கோரவும் இலவசம் என்னும்போது இடைத்தரகருக்கு என்ன வேலை?

தவறிப்போன அப்பா, அம்மா பெயரில் காசோலை இருந்தால் வாரிசுகள் கோரலாம். இறப்புச் சான்றிதழும் வாரிசுரிமை தொடர்பான ஆவணங்களும் தேவைப்படும். எவையெவை வேண்டும் என்று இலாகாவில் முதலிலேயே கேட்டுக்கொண்டால் அலைச்சல் குறையும்.

ஒரு மாதம் காலையில் எழுந்து, தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்து, நின்றே வேலை செய்து வாங்கிய பணம் அது. அதைக் கேட்பது கையேந்துவது ஆகாது. இந்த வாரம் ஒரு மாலை நேரத்தில் வீட்டிலுள்ள பழைய கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெரியவர்களின் கோப்புகளையும் சேர்த்துப் பாருங்கள்.