ஏழு நாள் போன் கிடையாது: வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்ட காஷ்மீர் திட்டம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் படம் பார்க்கிறார்கள், பில் கட்டுகிறார்கள். ஒரு நீண்ட நடைப் பயணத்தையும் அதில் திட்டமிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 2023 ஆகஸ்ட்டில் நானும் இரண்டு நண்பர்களும் காஷ்மீர் ஏரிகள் வழியாக ஏழு நாள் பயணமாக நடக்கக் கிளம்பினோம். அதற்கான திட்டம் முழுவதையும் கண்ணமங்கலத்தில், எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்து அறையில் உள்ள சாதாரண கம்ப்யூட்டரில்தான் போட்டேன். செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

வழி சோனமார்க்கில் தொடங்கி நாரநாக்கில் முடிகிறது. இடையில் விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர், கங்கபல் என்று ஏரிகள். தொடக்கத்திலும் முடிவிலும் காடு. நடுவில் புல்வெளியும் பாறையும். மொத்தம் சுமார் 70 கி.மீ. மிக உயரமான இடம் கட்சர் கணவாய், சுமார் 4,200 மீட்டர்.

முதலில் கூகுள் எர்த் புரோ என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து பதிந்து கொள்ளுங்கள். 'ஆட்' மெனுவில் 'பாத்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மவுஸால் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து வழியை வரையலாம். நான் வரைந்து முடித்ததும் நீளம் 58 கி.மீ. என்று காட்டியது. மகிழ்ந்து போனேன். பிறகுதான் புரிந்தது: வளைந்து போகும் பாதையில் தூரத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் புரோகிராம் நேர்கோடு போட்டுத் தூரத்தைக் குறைத்துவிடும். பெரிதாக்கிப் பார்த்து, வளைவுக்கு வளைவு புள்ளி வையுங்கள்.

வரைந்த கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் புரொபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், திரையின் கீழே ஏற்ற இறக்கம் படமாக வரும். கடைசி நாளை நான் லேசாக நினைத்திருந்தேன், இறக்கம்தானே! படத்தில் பார்த்தால் கங்கபல்லில் இருந்து நாரநாக் வரை ஒரே நாளில் 1,200 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். கிட்டத்தட்ட நம் பர்வதமலை உச்சியில் இருந்து, முதுகில் மூட்டையோடு அடிவாரம் வருவது போல. ஆகவே இரண்டு மாதம் ஞாயிறுதோறும் பர்வதமலைக்கே போய்ப் பழகினேன்.

அடுத்தது சுமை. லிபர் ஆபிஸில் உள்ள கால்க் புரோகிராமில் ஒரு காலத்தில் பொருள், அடுத்த காலத்தில் எடை. எடை பார்த்தது அப்பா பட்டு நூல் நிறுக்கும் தராசில். சிக்மா அடையாளம் உள்ள பட்டனை அழுத்தினால் கூட்டுத்தொகை கிடைக்கும். எனக்குக் கிடைத்தது 16 கிலோ! எடை காலத்தை இறங்கு வரிசையில் சார்ட் செய்ததும் குற்றவாளிகள் மேலே வந்து நின்றார்கள்: டிரைபாட், இரண்டு ஜீன்ஸ், ஒரு தடிமனான புத்தகம். நீக்கியதும் 12 கிலோவுக்கு வந்தது.

இதையெல்லாம் பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். அவர் கேட்டது வேறு. "ஏம்பா, ஏழு நாள் போன் வராதுன்னா உனக்கு என்ன ஆச்சுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. சோனமார்க்கைத் தாண்டினால் எங்களுக்கு சிக்னல் கிடைக்காது. போதாததற்கு, வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். சாட்டிலைட் போனை அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். நான் போட்ட பைல் முழுக்க எனக்கு மட்டும் புரியும்படி இருந்தது.

அதனால் புதிதாக ஒரு ஷீட் போட்டேன். தேதி, இரவு தங்கும் இடம், போன் வருமா வராதா, வழிகாட்டியின் பெயர், அவர் வீட்டு எண். ஆகஸ்ட் 5 சோனமார்க்கில் புறப்பாடு, 11 நாரநாக். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஒரு புடவைக்கு இத்தனை நாள்னு சொல்றோம். பாவு அறுந்தா ஒரு நாள் கூட ஆவுது. உன் கணக்குல அந்த நாள் எங்கடா?"

சாப்ட்வேர் வேலையில் தினமும் இதே கேள்வியைக் கேட்கிறவன் நான்! 12ஆம் தேதிக்கு ஒரு வரி சேர்த்தேன். கடைசியில் பெரிய எழுத்தில் இன்னொரு வரி: '13 மாலை 6 மணி வரை போன் வராவிட்டால் இந்த எண்களைக் கூப்பிடவும்.' ரிடர்ன் டிக்கெட்டையும் அதற்கேற்பத் தள்ளிப் போட்டேன். ஷீட்டை ஒரே பக்கத்தில் அடங்கும்படி பிரிண்ட் எடுத்துத் தறி அருகே ஒட்டினோம். பைலாக மட்டும் விட்டுப் போகாதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறக்க முடியாது.

வரைந்த வழியை 'சேவ் பிளேஸ் ஆஸ்' மூலம் கே.எம்.எல். பைலாகச் சேமித்து மொபைலுக்கு அனுப்பி, ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச ஆப்பில் திறந்தேன். காஷ்மீர் பகுதி மேப்பையும் முன்பே டவுன்லோட் செய்துவிட வேண்டும். ஜி.பி.எஸ். சிக்னல் செயற்கைக்கோளில் இருந்து வருவதால் அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. ஊரிலேயே மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து சோதித்துக் கொண்டேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இரவில் போனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

8ஆம் தேதி விஷன்சரில் விடாத மழை. கணவாய் ஏற வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். ஒரு நாள் முழுக்கக் கூடாரத்தில் கிடந்தோம். அந்தக் கூடுதல் வரி இல்லாவிட்டால், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அவரை வற்புறுத்தியிருப்போம். 12ஆம் தேதி மாலை நாரநாக்குக்குக் கீழே கங்கன் ஊரில் நண்பரின் போஸ்ட்பெய்டு போனில் வீட்டைக் கூப்பிட்டேன். "தாள்ல நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் இருக்கே" என்றார் அப்பா. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கைதான் பிறகு சொன்னாள்.

நீங்கள் போக நினைத்தால் ஒன்றைக் கவனிக்கவும். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, சில பிறகு திறக்கப்பட்டன. வழி திறந்திருக்கிறதா என்று ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் துறையிடம் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள். வழியில் ராணுவ முகாம்களில் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் ஒரிஜினலைக் கையில் வைத்திருக்கவும்.