பாடிக்கொண்டே விரியும் படம்

ஓவியத்தைக் கண்ணால் பார்ப்போம். காதாலும் கேட்க முடியுமா?

மேற்கு வங்காளத்தில், பிங்லா பக்கம் நயா என்றொரு கிராமம். அங்குள்ள பட்டுவா ஓவியர்கள் நீளமான சுருளில் ஒரு கதையைக் கட்டம் கட்டமாக வரைவார்கள். பிறகு சுருளை மெல்ல அவிழ்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டியபடி அந்தக் கதையைப் பாடுவார்கள்.

நிறமெல்லாம் வீட்டுச் சரக்கும் தோட்டத்துச் சரக்கும்தான். நீலத்துக்குச் சங்குப்பூ, கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. சாயம் ஒட்டிப் பிடிக்க வில்வப்பழப் பசை. சுருள் கிழியாமலிருக்க முதுகில் பழைய சேலைத் துணி!

இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பாடுவதோ பாம்புத் தெய்வமான மனசா தேவி கதையும் ராமாயணமும். பழங்கதை மட்டுமா? 2004-இல் சுனாமி அடித்ததே, அதையும் வரைந்து பாட்டுக் கட்டிவிட்டார்கள்.