தொங்கிய தண்டவாளம்

2023 டிசம்பர் 17, ஞாயிறு இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், கொட்டும் மழையில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. ரயிலில் சுமார் 800 பயணிகள். அடுத்துள்ள செய்துங்கநல்லூர் பக்கம் வெள்ளம் சரளைக்கல்லையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலைப் போக விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அன்று உரிய நேரத்தில் வந்த எச்சரிக்கைதான் அத்தனை உயிர்களையும் காத்தது.

அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்!

ரயிலின் எடையைத் தாங்கித் தரைக்குப் பரப்பிவிடுவது தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சரளைக்கல். அதன் இடுக்குகள் வழியே மழைநீர் வடிந்துவிடும். ஆனால் குளங்கள் உடைந்து வரும் வெள்ளத்துக்கு, உயர்ந்து நிற்கும் ரயில் பாதை ஓர் அணைபோல் குறுக்கே நிற்கிறது. சிறு பாலங்களின் கண்கள் போதாதபோது, நீர் பாதையின் மேலேறிக் கல்லை வாரிச் செல்கிறது.

வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால்தான் புவி சூடாகச் சூடாக, பெருமழை இன்னும் பெருமழையாகிறது. பழைய மழைக்கணக்கை நம்பிக் கட்டிய பாலங்களைப் புதிய கணக்கோடு ஒப்பிட்டு, குறுகலான கண்களை உடனே அகலப்படுத்த வேண்டும். ஸ்ரீவைகுண்டம் இருக்கும் தாமிரபரணிக் கரையில் மட்டுமல்ல, வெள்ளம் குறுக்கிடும் பாதை நெடுகிலும் இந்த வேலை காத்திருக்கிறது.