கல்லைத் தடுக்குமா நீர் மாத்திரை?

சிறுநீரகக் கல் ஒருமுறை வந்து போனவருக்கு, மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் லேசில் விடாது. விலாவில் தொடங்கி அடிவயிறு வரை சுருட்டிப் பிடிக்கும் வலி அப்படிப்பட்டது. திரும்பத் திரும்பக் கல் வருபவர்களுக்கு டாக்டர்கள் நெடுங்காலமாக எழுதித் தருவது தயாசைடு வகை மாத்திரை. ரத்தக்கொதிப்புக்குத் தரும் அதே நீர் மாத்திரைதான்.

சிறுநீர் நிறையப் போனால் கல்லும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அதுவல்ல. பெரும்பாலான கற்கள் கால்சியத்தால் ஆனவை. தயாசைடு முதலில் உப்பை வெளியேற்றுகிறது. உடலில் உப்பும் நீரும் சற்றுக் குறைந்ததும், சிறுநீரக நுண்குழாய்கள் மிச்சமுள்ள சோடியத்தை விடாமல் உள்ளே இழுக்கின்றன. கூடவே கால்சியமும் ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. சிறுநீரில் கால்சியம் குறைய, கல் கட்டுவதற்கான சரக்கும் குறைகிறது. எல்லா நீர் மாத்திரையும் இப்படி வேலை செய்யாது. ஃபுரோசமைடு நேர் எதிர். கால்சியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும்.

தயாசைடு கல்லைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை உலுக்கியது, சுவிட்சர்லாந்தில் நடந்து 2023இல் வெளியான ‘நோஸ்டோன்’ ஆய்வு. அடிக்கடி கால்சியக் கல் வந்த 416 பேரில் சிலருக்கு வெற்று மாத்திரை, மற்றவர்களுக்கு ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5, 25 அல்லது 50 மி.கி. சுமார் 3 ஆண்டுகளில், வலியாகவோ ஸ்கேனிலோ கல் மறுபடி தென்பட்டவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 59 சதவீதம், 50 மி.கி. குழுவில் 49. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. பொட்டாசியம் குறைவது, கவுட் வாதம், புதிதாகச் சர்க்கரை நோய் ஆகியவை மருந்து எடுத்தவர்களிடமே அதிகம்.

அதற்காகத் தயாசைடு வகையையே ஒதுக்கிவிடுவது அவசரம் என்பேன். ஆய்வில் கொடுத்த மருந்தின் வேலை நாள் முழுக்க நீடிப்பதில்லை. குளோர்தாலிடோன், இண்டபமைடு இரண்டும் நீண்டநேரம் நிற்பவை. அதைவிட முக்கியம், பங்கேற்றவர்களின் சிறுநீரில் சோடியம் அதிகமாகவே இருந்தது. மாத்திரை வெளியேற்றும் உப்பை ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் திரும்பக் கொண்டுவந்தால், கால்சியம் பழையபடி சிறுநீரில் இறங்கும். டாக்டர்கள் 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்துவரச் சொல்வது கால்சியத்தோடு இந்தச் சோடியத்தையும் அளக்கத்தான்.

கால்சியக் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இத்தாலியின் பார்மா நகரில், சிறுநீரில் கால்சியம் மிகுந்த 120 ஆண்களை போர்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் 5 ஆண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல் எடுத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். பாலிலுள்ள கால்சியம் உணவின் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலை நிறுத்தினால் அந்த ஆக்ஸலேட் சிறுநீரகத்துக்கு வந்து, கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகலாம்.