திட்ட மதிப்பீட்டுத் துல்லியம்

திட்ட மதிப்பீட்டுத் துல்லியம் என்பது ஒரு திட்டத்துக்கு முன்கூட்டிக் கணித்த செலவும் காலமும் உண்மையில் ஆனவற்றுக்கு எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைக் குறிக்கும்.

எடுத்துக்காட்டுகள்

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் இரு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. கட்டுமானம் 2002 இல் தொடங்கியது. 2007 டிசம்பரில் இயங்கவேண்டிய முதல் உலை, 2014 டிசம்பர் 31 அன்றே வணிக உற்பத்தியைத் தொடங்கியது. திருத்திய மதிப்பீடு 22,462 கோடி ரூபாய். இது ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதல் ஆகும். கிரிவலத்துக்குப் பெருந்திரளானோர் வரும் திருவண்ணாமலையைத் திண்டிவனத்துடன் இணைக்கும் 70 கி.மீ. தொடருந்துப் பாதை, 2006-07 இல் ஒப்புதல் பெற்றும் இன்னும் நிறைவடையவில்லை.

காரணங்கள்

செலவும் காலமும் பிணைந்தவை. பணி நீளும்போது கடன் வட்டி, கூலி, பொருள் விலை ஆகியன கூடுகின்றன. கூடங்குளத்தில் உருசியக் கருவிகள் வரத் தாமதமானதும், 2011-12 போராட்டங்களும் காலத்தை நீட்டின. இத்தகைய இடர்கள் இல்லாதபோதும், மனிதர் தம் பணிக்கான காலத்தைக் குறைத்தே கணிக்கின்றனர். இப்போக்கை டேனியல் கானமன், ஏமசு திவெர்சுக்கி ஆகிய உளவியலாளர்கள் 1979 இல் 'திட்டமிடல் பிழை' என விளக்கினர்.

துல்லியத்தைக் கூட்டும் வழிகள்

ஏற்கனவே முடிந்த ஒத்த திட்டங்கள் உண்மையில் எடுத்துக்கொண்ட காலத்தையும் செலவையும் அடிப்படையாகக் கொள்வது சிறந்த முறையாகும். ஒற்றை எண்ணுக்கு மாறாக, குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் சேர்த்துத் தருதல் வேண்டும். மதிப்பீடு பிழைத்தால், அதன் சுமை இறுதியில் பொதுமக்களையே சேர்கிறது.