வீட்டில் நிறுத்தத் தோதான சரக்கு வண்டி

விருதுநகரில் பருப்பு, வத்தல், எண்ணெய் டின் எடுத்து வரும் ஆமத்தூர் மளிகைக் கடைக்காரர் சிலர், "காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லர் மாட்டினால் போதாதா?" என்கிறார்கள். கழற்றிச் சுவரோரம் நிறுத்தலாம், உண்மைதான். ஆனால் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கையில் ஸ்டீயரிங் ஒடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது போகும். பழகாதவர் கையில் பக்கத்து வீட்டுத் திண்ணை தப்பாது! மேலும், சட்டப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

எனவே சிறிய சரக்கு வண்டியே மேல். 2005-இல் வந்த டாடா ஏஸ் அகலம் சுமார் 1.5 மீட்டர், நீளம் 3.8 மீட்டர். வாங்குமுன் வாசலையும், முக்கியமாக வாறுகால் மேலுள்ள கல்லையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். கண்ணாடிக்காக இருபுறமும் ஒரு சாண் விடவேண்டும். 750 கிலோ தாங்கும் வண்டியில் 50 கிலோ மூட்டை 15 ஏற்றலாம். வாரச் சரக்கு அதற்குள் அடங்குவோர் பெரிய வண்டிக்கு ஆசைப்பட வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை.

தீபாவளி சமயம் "ரெண்டு பெட்டி பட்டாசையும் போட்டுக்கோங்க அண்ணாச்சி" என்பார்கள். மளிகையோடு ஏற்றாதீர்கள், விபத்தானால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகிவிடும்.