பித்தளைக் குமிழும் பல் மருத்துவமும்

பல்லைத் துளைக்கும் கருவி நோயாளியின் வாயில் சுழன்று நிற்கையில், உமிழ்நீரும் குருதியும் அதன் உட்குழாய்க்குள் சிறிதளவு உறிஞ்சப்படுவதுண்டு. வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்தினால், ஹெபடைடிஸ்-பி நச்சுயிரி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்ற வழியேற்படும். கொதிநீரும் போதாது, சில பாக்டீரியாக்களின் வித்துகள் அதிலும் பிழைத்திருக்கும். அழுத்த நீராவிக் கலத்தில், 121 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் வைத்தலே நம்பத்தக்க முறையாகும்.

ஆனால் கதவுக் குமிழையும் நாற்காலியின் கைப்பிடியையும் நீராவிக் கலத்தில் இட இயலாதே! இங்குதான் செம்பும் அதன் கலவையான பித்தளையும் கவனத்திற்குரியவை. செம்பிலிருந்து வெளிப்படும் அயனிகள் கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றன. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றின் கதவுக் குமிழ்களைப் பற்றி 1983-இல் வெளியான ஆய்வில், பளபளக்கும் துருவேறா எஃகைவிட, மங்கிய பித்தளையிலேயே பாக்டீரியாக்கள் மிகக் குறைவாகக் காணப்பட்டன. 2008-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செம்புக் கலவைகளைக் கிருமிக்கொல்லிகளாகப் பதிவு செய்தது. சோதனையில் இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவீதப் பாக்டீரியாக்கள் அழிந்தன.

இரண்டு மணி நேரம்! பல் மருத்துவரின் நாற்காலியிலோ பத்து நிமிடத்தில் அடுத்தவர் அமர்ந்துவிடுகிறார். வார்னிஷ் பூசினால் செம்பின் ஆற்றலும் மறைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கிருமிநாசினியால் துடைத்தே ஆகவேண்டும். பணம் குறைந்த சிற்றூர் மருத்துவர் முதலில் வாங்கவேண்டியது நீராவிக் கலமே. பித்தளைக் குமிழ் பின்னர் வரலாம்.